விசுவாசம், சங்கீதம், ஒரு திருத்தம்

நம் நண்பர்களில் ஒருவர், கவிதை எழுதுகிறவர், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டார்: "நீங்க இன்னும் கோயிலுக்குப் போறீங்களா?" கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. இன்னும் சிகரெட் பிடிக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் யோசிக்காமல், "பாட்டுக்காகப் போறேன்" என்றேன். அவருக்குத் திருப்தியாகிவிட்டது. பேச்சு வேறு பக்கம் போயிற்று.

இந்தப் பதிலை நம் வட்டத்தில் செலாவணியாகக்கூடியது என்று தெரிந்தேதான் சொன்னேன். பாட்டு, கோபுரம், சடங்கின் நாடகத் தன்மை, இவற்றுக்காக ஒருவன் கோயிலுக்குப் போகலாம். ஆனால் இந்தப் பதில் இரண்டு விதத்தில் பொய். முதலாவது, நான் போகும் கோயிலில் பாட்டு நன்றாக இருக்காது. இரண்டாவது, பாட்டே இல்லாவிட்டாலும் நான் போவேன். அன்று சொன்ன பொய்யைத் திருத்திக்கொள்ளும் முயற்சிதான் இது. ஆரம்பித்த பிறகு, திருத்த வேண்டிய வேறொன்றும் கூடவே வந்து நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேவாரத்தில் தோய்ந்த ஒருவரிடம் நம்மில் யாரும் சிவன் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. நம்மாழ்வாரைப் பற்றி எழுதுகிற நாஸ்திகரை நாம் சந்தேகிப்பதுமில்லை. அவை மொழியோடு மொழியாகக் கலந்துவிட்டன. அவற்றை அனுபவிக்க விசுவாசம் ஒரு முன்நிபந்தனை அல்ல. கிறிஸ்தவத்தை மட்டும் எல்லோரும் விசுவாசம் என்ற ஒரே கைப்பிடியால்தான் தூக்கிப் பார்க்கிறார்கள். இதில் பாதிக் குற்றம் எங்களுடையது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று, எதையெல்லாம் நம்புகிறோம் என்று பட்டியலிட்டுச் சொல்கிற மதம் எங்களுடையது. மீதிப் பாதி, தமிழ் இலக்கிய ரசனை போட்டு வைத்திருக்கிற அலமாரி. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் எழுதி முடிக்கப்பட்டது. 3615 பாடல்கள். பாடத் திட்டத்தில் அதற்கு ஓரிடம் உண்டு. அதைக் கவிதையாகப் படித்துவிட்டு வந்து சண்டை போட்ட ஒரு நண்பரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை. நானும் ஒழுங்காகப் படித்தவன் இல்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்த தோஷத்தால் ஹாப்கின்ஸ், எலியட், கிரஹாம் கிரீன் என்று சுற்றி, என் சொந்த மதத்துக்கே ஆங்கிலம் வழியாகத்தான் திரும்பி வந்தேன். ஏலாக்குறிச்சி என் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். ஆனால் வீரமாமுனிவரின் அடைக்கல மாதா கோயிலுக்குள் ஒரு வாசகனாக நான் நுழைந்தது ஹாப்கின்ஸைப் படித்துப் பத்து வருஷத்துக்குப் பிறகு.

*

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு வங்கிக் கிளையில் நான் குமாஸ்தா. ஊர் ராமானுஜர் பிறந்த ஊர். ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட ஊர். ஒரகடம் பக்கம் போனால் வல்லக்கோட்டை முருகன். தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி, கைபேசி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே சதுரம் சதுரமாகத் தொழிற்சாலைகள். 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்னும் முகம் மாறுகிறவர்கள் எங்கள் கவுண்டருக்கு வருகிறார்கள்.

காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குகிற பெண்கள். அதில் யார் வேலைக்குப் போகிறவள், யார் வேலை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிறவள் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. சம்பளம் ஏறிய மறுநாள் எங்கள் கிளையில் நிற்க இடமிருக்காது. பெரும்பாலான கணக்குகளில் பணம் இரண்டு நாளைக்கு மேல் தங்குவதில்லை. தூத்துக்குடி, ராமநாதபுரம், திண்டுக்கல், ராஞ்சி, சுந்தர்கர் என்று பிரிந்து போய்விடும். ஒருவருடைய பாஸ்புக்கைப் பதிந்து கொடுக்கும்போது அந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் கையில் வந்துவிட்ட மாதிரி இருக்கும். அது ஒரு பிரமைதான். நாவல் படித்தவனுடைய பிரமை.

கோயில் சின்னது. கூட்டம் தாங்காமல் முன்பக்கம் தகரக் கொட்டகை இறக்கியிருக்கிறார்கள். தென் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் முன்வரிசைகளில் இருப்பார்கள். பின்னால், பெரும்பாலும் நின்றுகொண்டே, ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆதிவாசி இளைஞர்கள். கத்தோலிக்கர்கள். பெல்ஜியத்து யேசு சபைக் குருவான கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் சோட்டா நாக்பூர் போய், ஜமீன்தார்களுக்கு எதிரான நில வழக்குகளில் முண்டாக்களுக்கும் ஓராவோன்களுக்கும் துணை நின்றதிலிருந்து வேர்விட்ட சபை அது. அவர்களுடைய கொள்ளுப் பாட்டனார்களை மதத்துக்குக் கொண்டுவந்தது நிலப்பிரச்னை. அவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருப்பதும் ஏறக்குறைய அதுதான். எங்கள் தமிழ்ப் பூசையில் அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. அல்லேலூயா, ஆமென் என்ற இரண்டு இடங்களில் மட்டும் அவர்கள் குரல் சட்டென்று எழும்பும். இரண்டுமே ஹீப்ரு.

*

இங்கேதான் சங்கீதப் பிரச்னை, பாஷைப் பிரச்னையாக எனக்குத் தொடங்குகிறது.

என் அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் நற்கருணை ஆசீரில் பாடுகிற 'தாந்தும் எர்கோ'வை முதலிலிருந்து கடைசிவரை லத்தீனில் பாடுவாள். தாமஸ் அக்வினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது, லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு திண்ணையில் வெற்றிலை எச்சிலோடு வந்துகொண்டிருந்தது. அர்த்தம் தெரியுமா என்று நான் கல்லூரிக்காரனாகக் கேட்டபோது, "சாமிக்குப் புரிஞ்சா பத்தாதாடா?" என்றாள். அன்று அதை அறியாமை என்று நினைத்தேன். பிறகு கொஞ்ச காலம் அதைப் பெரிய ஞானம் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். இரண்டும் தப்பு. அவளுக்கு வேறு வழி தரப்படவில்லை என்பதுதான் உண்மை. தனக்குத் தரப்பட்டதை அவள் தன் குரலால் தனதாக்கிக்கொண்டாள் என்பதும் உண்மை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம் வெளியானது 1963 டிசம்பர் 4ஆம் தேதி. பிராந்திய பாஷைகளுக்கு அது வழி திறந்தது. அதே சாசனத்தின் ஆறாம் அத்தியாயம் சங்கீதத்தைப் பற்றியது. கிரகோரியப் பாடலுக்கு ரோமன் வழிபாட்டில் முதலிடம் என்கிறது. மற்றவை ஒத்திருக்கும் பட்சத்தில் என்று ஒரு நிபந்தனையும் போடுகிறது. கொஞ்சம் தள்ளி, மறைபரப்பு நாடுகளில் மக்களுக்குச் சொந்தமான சங்கீத மரபு இருக்கும், அதற்கு உரிய இடம் தரவேண்டும் என்கிறது. இவை இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மேஜையில் இருந்ததை நாங்கள் இங்கே எப்படிப் பங்கிட்டுக்கொண்டோம் என்பதுதான் கேள்வி.

பாஷையில் நடந்தது சுவாரஸ்யமானது. அப்பாயியின் 'சேசு' இயேசுவாகி, 'இஸ்பிரீத்து சாந்து' பரிசுத்த ஆவியாகிப் பிறகு தூய ஆவியாகி, 'அர்ச்சிஷ்ட' போய் 'புனித' வந்து, பூசை திருப்பலியாயிற்று. புராட்டஸ்டண்டுகளோடு சேர்ந்து செய்த பைபிள் பொது மொழிபெயர்ப்பு 1995இல் 'திருவிவிலியம்' என்று வந்தது. வெளியே தமிழ்நாட்டு அரசியல் மொழிக்குச் செய்துகொண்டிருந்ததைக் கோயில் தன் பீடத்திலேயே செய்துகொண்டது. பீடத்தில் அரசியல் பேசக் கூடாது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர்கள் வாயிலிருக்கும் ஜெபமே ஒரு அரசியலின் விளைவு. 2009இல் சாகும்வரை அப்பாயி 'சேசு'வை விடவில்லை. அதுவும் ஒரு நிலைப்பாடுதான்.

சங்கீதத்தில் இந்த அளவுக்குக்கூட யோசனை நடந்ததாகத் தெரியவில்லை. ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட். கீபோர்டுக்குள் ஏற்கெனவே பதிந்து வைத்த தாளங்கள். மெட்டுகள் சினிமாவிலிருந்து வருகின்றன. அதுவும் சினிமாவின் நல்ல சங்கீதத்திலிருந்து அல்ல, அதன் சராசரியிலிருந்து. தவக்காலத்துப் பாட்டுக்கும் ஈஸ்டர் பாட்டுக்கும் வித்தியாசம், ரிதம் பேடில் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு விமர்சகனாக எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. உணர்ச்சியைத் தயார் நிலையில் வாங்கி விநியோகிக்கிற கவிதையை நாம் எப்படி மோசமானது என்கிறோமோ, அப்படியே இதுவும் மோசம்.

ஆனால் மாற்று என்ன என்று யோசிக்கப் புகுந்தால் தரை வழுக்குகிறது. மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளியானது 1878இல். நாம் அவரைப் பிரதாப முதலியார் சரித்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்த மதத்துக்காரரும் பாடக்கூடிய விதத்தில், ஒரு பெயரில் கட்டிப்போடாமல், கடவுளைக் கர்நாடக ராகங்களில் பாடியவர். கச்சேரி மேடைகளில் அவர் கீர்த்தனைகளைக் கேட்டிருக்கிறேன். என் பங்குக் கோயிலில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம், 2018 ஆகஸ்டில் நடந்தது ஞாபகமிருக்கும். கர்நாடக சங்கீதக்காரர்கள் சிலர் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடுகிறார்கள் என்று கிளம்பிய மிரட்டலில் ஓ.எஸ்.அருண் ஒரு கச்சேரியிலிருந்து விலகிக்கொண்டார். டி.எம்.கிருஷ்ணா, இனி மாதம் ஒரு பாட்டு ஏசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். ராகங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. அந்த வாரம் எங்கள் கோயிலில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கு அந்தச் சண்டை நடப்பதே தெரியாது. ஏனென்றால் அந்தச் சொத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு என்று நாங்களே நினைப்பதில்லை.

சரி, கர்நாடக சங்கீதத்தைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றால், அடுத்த கேள்வி வருகிறது. யாருடைய கோயிலுக்குள்? குளித்தலைக்குப் பக்கத்தில் சாந்திவனம் ஆசிரமத்தை மோன்ஷனேன், லெ ஸோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் 1950இல் தொடங்கினார்கள். காவி, உபநிஷதம், ஆரத்தி. அவர்களுடைய தேடலின் உக்கிரத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தலித் இறையியலாளர்கள் பின்னால் எழுப்பிய ஆட்சேபணைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தியப் பண்பாடு என்று நீங்கள் கோயிலுக்குள் அழைத்து வருவது எந்தச் சாதியின் பண்பாட்டை, எந்தச் சாதியிலிருந்து தப்பித்து நாங்கள் இங்கே வந்தோமோ அதையா, என்று கேட்டார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் தலித்துகள். பறையைக் கோயிலுக்குள் அடிக்கலாமா கூடாதா என்பது அவர்களுக்கு ரசனைப் பிரச்னை அல்ல. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது கோயிலுக்குள் இருக்கும் சாதியை அது எங்கள் முகத்துக்கு நேரே சொன்னது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தலித்துகள் கேட்டது ஒரு தனிப் பங்கு. மறுபுறம் அரசாங்கத்தின் 1950ஆம் வருஷத்து ஆணை, இந்து அல்லாதவன் அட்டவணைச் சாதியாக இருக்க முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதைத் தளர்த்தினார்கள். கிறிஸ்தவனுக்கு இல்லை. கோயிலுக்குள் போனால் சாதி உண்டு, தாலுகா ஆபீஸுக்குப் போனால் இல்லை. இப்படி ஒரு நிலையில் இருக்கிறவனிடம் போய், உன் பாட்டில் கல்யாணி சுத்தமாக இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கீபோர்டு சத்தம் யாருடைய சொத்தும் அல்ல. அதனாலேயே அதற்குள் எல்லோரும் பயமில்லாமல் நுழைய முடிகிறதோ என்னவோ. மோசமான சங்கீதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் மோசத்துக்குக் காரணம் ரசனைக் குறைவு மட்டும் என்று முன்பு எழுதியிருக்கிறேன். அதைத்தான் மாற்றிக்கொள்கிறேன்.

*

இந்தக் குழப்பங்களிலிருந்து நான் தப்பித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தேன். இரவில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பிரான்ஸில் ஸொலேம் மடத்துத் துறவிகள் பாடிய கிரகோரியப் பதிவுகளைக் கேட்பது. தாளம் இல்லை, வாத்தியம் இல்லை, ஒரே குரலாகப் பல பேர். வெளியே நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள். விசுவாசம் என்றால் இதுதான், காலையில் தகரக் கொட்டகையில் நடப்பது இதன் பரிதாபமான நகல் என்று எனக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

அதைக் கலைத்தது சிமோன் வெய். நம் வட்டத்தில் அவரைப் படித்தவர்கள் உண்டு. பெரும்பாலும் 'கவனம்' பற்றி அவர் சொன்னதைக் கவிதைக்கு எடுத்துக்கொண்டவர்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். ஸொலேமை அவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். 1938 ஈஸ்டர் வாரத்தில் அந்த மடத்துக்குப் போயிருந்தார். தாங்க முடியாத தலைவலி. ஒவ்வொரு சப்தமும் அடியாக விழுந்தது. வலிக்கிற உடம்பை ஒரு மூலையில் விட்டுவிட்டு அந்தப் பாடலின் அழகில் சுத்தமான சந்தோஷத்தை அடைய முடிந்தது என்றும், கிறிஸ்துவின் பாடுகள் என்ற எண்ணம் அப்போதுதான் தனக்குள் நிரந்தரமாக நுழைந்தது என்றும், பெரன் என்ற டொமினிக்கன் குருவுக்கு 1942இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

நான் கவனிக்காமல் விட்டது வரிசையை. ஸொலேமுக்கு முன்னால் போர்ச்சுகல் இருக்கிறது. 1935இல், ஒரு ஏழை மீன்பிடி கிராமத்தில், திருவிழா இரவில், மீனவப் பெண்கள் மெழுகுவர்த்தியோடு படகுகளைச் சுற்றி வந்து பழைய பாட்டுகளைப் பாடியதைக் கேட்டார். இது அடிமைகளின் மதம், தானும் அவர்களில் ஒருத்தி என்று அங்கேதான் அவருக்கு நிச்சயமாயிற்று. போர்ச்சுகலுக்கு முன்னால் தொழிற்சாலை இருக்கிறது. 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்ட் வரை, தத்துவ ஆசிரியை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்று தொழிற்சாலைகளில் கூலிக்கு வேலை செய்தார். கடைசியாக வேலை செய்த இடம் ரெனோ. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸான் கூட்டாகத் திறந்த தொழிற்சாலையின் பெயர்ப் பலகையைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போகிறவன் நான். இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

பீஸ் கணக்கு, மேஸ்திரியின் சத்தம், வேகம், எதையும் யோசிக்க விடாத களைப்பு, எல்லாம் முதலில். மீனவப் பெண்கள் பாட்டு அடுத்தது. கிரகோரியப் பாடல் கடைசி. தொழிற்சாலையில் உடம்பில் விழுந்த முத்திரையோடுதான் அவர் அந்தப் பாட்டைக் கேட்டார். நான் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதை இயர்போனில் வாங்கிக்கொண்டவன். என் கோயில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டும் தெரியும். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கிளம்பி அசெம்ப்ளி லைனுக்கு வந்தவர்கள் அவர்கள். பாட்டுக் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். இரவு ஷிப்ட் முடிந்து, ஹாஸ்டலுக்குப் போய்க் குளித்துவிட்டு, தூங்காமல் வருவாள். மேல் ஸ்தாயியில் குரல் பிசகும். அவள் பாடுகிற நேரத்தில் நான் முகம் சுளித்திருக்கிறேன். அவள் பார்த்தும் இருக்கிறாள்.

*

இப்போது திருத்தத்துக்கு வருகிறேன்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பிரதானக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 37 நாள் நடந்தது. பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, அக்டோபர் மத்தியில் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று. இதெல்லாம் பத்திரிகைகளில் வந்தவை.

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டுகளை எழுதும் வேலை முறை வைத்து வரும். அந்த மாதம் என் முறை. திருச்சபைக்காக ஒன்று, நாட்டுத் தலைவர்களுக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று என்று எழுதிவிட்டு, நான்காவதாக எழுதினேன்: 'சங்கம் வைக்கும் உரிமைக்காக வேலைநிறுத்தத்தில் இருக்கும் எங்கள் பகுதித் தொழிலாளர்கள் தளராதிருக்கவும், அவர்கள் வீடுகளில் அடுப்பு அணையாதிருக்கவும்.' பங்குச் சாமியாரிடம் காட்டப் போனேன். அவர் ஒரு சாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நீங்க எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்தாபனம் ஒடுக்கியது என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். சனிக்கிழமை இரவு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நானே யோசித்தேன். கோயிலில் மேலாளர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம், மதமாற்றம் என்று ஏற்கெனவே எங்கள்மேல் கண் இருக்கிறது. வங்கியில் யாராவது ஏதாவது சொல்வார்கள். பிறகு எழுதினேன்: 'எங்கள் பகுதியில் தொழிலாளரும் நிர்வாகமும் பரஸ்பர நல்லுறவில் வளர்ந்திடவும்.' காலையில் இதுதான் வாசிக்கப்பட்டது. இருநூறு பேர் வழக்கமான பதிலைச் சொன்னார்கள்.

'பரஸ்பர நல்லுறவு' என்று ஒரு கவிஞர் எழுதியிருந்தால் இதே பத்திரிகையில் நான் அவரை என்ன பாடு படுத்தியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் சபையின் போதனையே எனக்குத் துணைக்கு இருந்தது என்பதுதான் இதில் வெட்கக்கேடு. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 மே 15 அன்று வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல், தொழிலாளர்கள் சங்கம் சேர்வது இயற்கை உரிமை, அரசு அதைத் தடுக்க முடியாது என்கிறது. சோஷலிஸத்தை எதிர்த்து எழுதப்பட்ட மடல்தான் அது; தனிச்சொத்தைப் பலமாக ஆதரிக்கிறது. அந்த மடலே ஒப்புக்கொண்ட விஷயத்தைக்கூட ஒரு வாக்கியமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் எழுதியது விண்ணப்பம் அல்ல, மழுப்பல். அதை இருநூறு பேர் வாயில் போட்டு ஆமென் சொல்ல வைத்தேன்.

அடுத்த வாரம் கவுண்டரில் நகைக் கடனுக்கு ஒருவர் வந்தார். கோயிலில் பின்பக்கம் நிற்கிறவர், எங்கள் ஜில்லாக்காரர், வேலைநிறுத்தத்தில் இருந்தவர். மனைவியின் சங்கிலி. அதில் கோத்திருந்த சிலுவையைத் தனியாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சங்கிலியை மட்டும் கொடுத்தார். கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "வீட்டுச் செலவுன்னு போடுங்க சார்" என்றார். மன்றாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கவனித்தாரா என்றே தெரியாது.

*

ஸ்டேன் சுவாமி விரகாலூரில் பிறந்தவர். 1937. எங்கள் அப்பாயி ஊருக்குப் பக்கம். யேசு சபையில் சேர்ந்து ஜார்க்கண்ட் போய், ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையில்லாமல் சிறையில் கிடந்த அவர்கள் பிள்ளைகளுக்காகவும் உழைத்தார். 2020 அக்டோபர் 8 அன்று கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காகக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று மும்பையில் ஆஸ்பத்திரியில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். வயது 84. சிறையிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், நாங்கள் சேர்ந்து பாடிக்கொண்டிருப்போம், கூண்டுப் பறவையும் பாடும் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார்.

அவர் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து அங்கே போனார். அவர் யாருக்காகப் போனாரோ அவர்களுடைய பிள்ளைகள் அங்கிருந்து இங்கே வந்து, எங்கள் கோயில் பின்பக்கம் நிற்கிறார்கள். அவர்களுக்காக இந்தியில் ஒரு வாசகம், சாதரியில் ஒரு பாட்டு வைக்கலாம் என்ற யோசனையை ஒரு கூட்டத்தில் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். லத்தீன் போனது அப்பாயிக்கு நியாயம். ஆனால் லத்தீன் எல்லோரையும் சமமாக வெளியே நிறுத்தியது. என் தமிழ் இவர்களை மட்டும் நிறுத்துகிறது. இதற்காக லத்தீனுக்குத் திரும்பலாம் என்று சொல்கிற கோஷ்டியும் உலகத்தில் இருக்கிறது. 2021இல் போப் பிரான்சிஸ் பழைய பூசைக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து அவர்கள் சத்தம் அதிகம். அவர்களோடு எனக்கு ரசனை ஒத்துப்போகிறது, வேறெதுவும் ஒத்துப்போகவில்லை. ரசனை ஒத்துப்போவது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்துகொண்டது சமீபத்தில்தான்.

2025 மே மாதம் புதிய போப் வந்தார். பதினான்காம் சிங்கராயர் என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு அந்த 1891 மடலையே முக்கியக் காரணமாகச் சொன்னார். சாமியார் பிரசங்கத்தில் அந்த மடலைப் பற்றி ஐந்து நிமிஷம் நன்றாகவே பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கீபோர்டு ஆரம்பித்தது. அந்தப் பெண் பாடினாள். அதே இடத்தில் குரல் பிசகியது. பாட்டு நல்ல பாட்டு அல்ல, இப்போதும் அல்ல. ஆனால் அதற்குள் நின்றுகொண்டிருந்தவர்கள் அதில் மழுப்பவில்லை.

நண்பரின் கேள்விக்கு என் திருத்திய பதில் இதுதான். நம் பத்திரிகை முன்னூறு பிரதி போகிறது. நாம் எழுதுகிற வாக்கியத்துக்கு யாரும் ஆமென் சொல்லத் தேவையில்லை. அது நமக்கு ஒரு சுதந்திரம், ஒரு சௌகரியமும்கூட. அங்கே நான் எழுதுகிற ஒரு வரியை, ஷிப்ட் முடிந்து வந்த இருநூறு பேர் எழுந்து நின்று தங்களுடையதாக ஏற்றுக்கொள்கிறார்கள். அது உண்மையா என்று அவர்கள் சோதிப்பதில்லை. சோதித்திருப்பேன் என்று என்னை நம்புகிறார்கள். விசுவாசம் என்ற சொல்லுக்கு இப்போதைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இவ்வளவுதான். அதில் கடவுளின் பங்கு என்ன என்று கேட்டால், அவரைத் தவிர வேறு யாரை முன்னிட்டு அவர்கள் என்னை நம்பப்போகிறார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

முதலில் எழுதிய மன்றாட்டுத் தாள் பூசைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நவம்பரில் மறுபடி என் முறை வருகிறது.